சென்சரி சிக்கல் உள்ள குழந்தை: வீட்டில் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வாரம் 2 நாள் என் மகனைத் தெரபிக்குக் கூட்டிப்போகத் தொடங்கி 6 வருடம் ஆகிறது. அவனுக்கு ஆட்டிசம். கூடவே சென்சரி சிக்கல், அதாவது சத்தம், தொடுதல், வெளிச்சம் போன்ற புலன் செய்திகள் அளவுக்கு அதிகமாகவோ குறைவாகவோ உறைப்பது. இப்போது வயது 10. தெரபி அறைக்கு வெளியே கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து எத்தனையோ புதுப் பெற்றோரைப் பார்த்துவிட்டேன். முதல் வாரத்தில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, என்னென்ன வாங்கணும்?"

ஊஞ்சல், பெரிய பந்து, எடை வைத்த ஜாக்கெட், கலர் விளக்கு என்று ஒரு பட்டியலோடு வருவார்கள். பாதிப் பேர் ஏற்கெனவே ஆன்லைனில் வாங்கியும் இருப்பார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். அந்தப் பந்து இன்றும் பரணில் காற்றிறங்கிக் கிடக்கிறது. நான் தடுக்கி விழுந்ததெல்லாம் வரிசை தெரியாமல்தான். ஆகவே இதில் வரிசையைத்தான் முக்கியமாகச் சொல்கிறேன். ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் அதீதத் துறுதுறுப்பும்), வளர்ச்சித் தாமதம் என்று எந்தப் பெயரில் வந்திருந்தாலும் வரிசை பெரிதாக மாறாது.

## தொடங்கும் முன் தேவையானவை

40 பக்க நோட்டு ஒன்று. 2 வாரப் பொறுமை. வீட்டில் இருக்கும் பெரியவர்களில் ஒருவராவது "சரி, இப்படிச் செய்து பார்க்கலாம்" என்று ஒத்துக்கொள்வது. மூன்றாவதுதான் கஷ்டம். அம்மா ஒரு மாதிரியும் தாத்தா வேறு மாதிரியும் நடந்துகொண்டால், குழந்தைக்கு எது பலன் தந்தது என்று கடைசிவரை தெரியாது.

இந்த 2 வாரமும் எதையும் வாங்காதீர்கள்.

## 1. முதலில் டாக்டர், அப்புறம்தான் சென்சரி

குழந்தை தலையைச் சுவரில் முட்டினாலும் கன்னத்தில் அடித்துக்கொண்டாலும் உடனே "சென்சரி" என்று முடிவு கட்டிவிடுகிறோம். வாய்விட்டுச் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு வலி வந்தாலும் அது அப்படித்தான் வெளியே வரும்.

என் மகன் 5 வயதில் இடது தாடையில் குத்திக்கொள்ள ஆரம்பித்தான். 2 மாதம் நாங்கள் தாடையை அழுத்திவிட்டோம், மெல்லுவதற்கு ரப்பர் குழாய் கொடுத்தோம். கடைசியில் பல் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். கடைவாய்ப் பல்லில் ஓட்டை! அந்த 2 மாதத்தை நினைத்தால் இன்னும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியவை: காது, கண், பல், மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், தூக்கம். மண், சுண்ணாம்பு, சாக்பீஸ் தின்றால் ரத்தத்தில் இரும்புச்சத்தின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். திடீரென்று சில நொடி வெறித்துப் பார்த்து, கூப்பிட்டாலும் தொட்டாலும் திரும்பாமல் இருந்தால் வலிப்பாகவும் இருக்கலாம். முடிந்தால் அதை போனில் படம் எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

கேட்கும் திறன் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. "மிக்ஸி போட்டால் அலறுகிறானே, காது நல்லாத்தான் கேட்குது" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். சில சத்தத்துக்கு அலறுகிற குழந்தைக்கும் கேட்கும் குறை இருக்கலாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்குக் காது முழுமையாகக் கேட்கவும் செய்யலாம். பேசாத குழந்தைக்கு பெரா பரிசோதனையை (சத்தத்துக்குக் காது நரம்பும் மூளையும் எப்படிப் பதில் தருகின்றன என்று பார்ப்பது) தூங்கும்போது எடுப்பார்கள்.

எங்கள் பக்கத்தில் பலரும் இதற்குப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குப் போகிறார்கள். மத்திய அரசின் குழந்தை நலத் திட்டத்தில் மாவட்ட அளவில் டி.இ.ஐ.சி. (குறையை ஆரம்பத்திலேயே கண்டு உதவும் மையம்) என்று ஒன்று உண்டு. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை அங்கே இலவசமாகப் பார்ப்பார்கள். அரசு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் கேட்டால் வழி சொல்வார்கள்.

ஒரு விதியை மட்டும் மனதில் வையுங்கள். நேற்றுவரை இல்லாத நடத்தை இன்று திடீரென்று வந்தால், நோய் இல்லை என்று தெரியும்வரை அதை நோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

## 2. எந்தப் புலன், எந்தப் பக்கம்

கண், காது, மூக்கு, நாக்கு, தோல் ஐந்தும் எல்லோருக்கும் தெரியும். தெரபிஸ்ட்டுகள் இன்னும் 3 சேர்த்துப் பேசுவார்கள். உட்காதில் இருக்கும் சமநிலை உணர்வு; தசையும் மூட்டும் "கை இங்கே இருக்கிறது, கால் அங்கே இருக்கிறது" என்று சொல்லும் உணர்வு; பசி, தாகம், சிறுநீர் முட்டுவது போன்ற உள்ளுறுப்புச் செய்தி.

ஒவ்வொன்றிலும் குழந்தை 3 விதமாக இருக்கலாம். கொஞ்சம் வந்தாலே தாங்காமல் போவது ஒன்று. எவ்வளவு வந்தாலும் உறைக்காமல் இருப்பது இன்னொன்று. போதவில்லை என்று தேடித் தேடிப் போவது மூன்றாவது. ஒரே குழந்தைக்கு மூன்றும் இருக்கலாம். என் மகனுக்கு விரல் நுனியில் சோறு ஒட்டினால் பொறுக்காது. முட்டியில் தோல் வழண்டு ரத்தம் வந்தாலும் தெரியாது. ஊஞ்சலை விட்டு இறங்கவே மாட்டான்.

புதியவர்கள் செய்யும் தவறு, "எங்க பையன் ஹைப்பர்" என்று முழுக் குழந்தைக்கும் ஒரே பெயர் வைப்பது. ஒரு புலனுக்கு உதவுவது இன்னொன்றைக் கிளறிவிடும். அதனால் தனித்தனியாகப் பாருங்கள்.

இன்னொன்று. சென்சரி சிக்கல் தனியொரு நோய்ப் பெயராக டாக்டர் சீட்டில் வராவிட்டால் குழம்ப வேண்டாம். 2013இல் வந்த டி.எஸ்.எம்.-5 என்ற அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் இது ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. தனி நோயாக அதில் இல்லை.

## 3. இரண்டு வாரம் எழுதுங்கள்

எல்லோரும் தாண்டிப் போகிற படி இது. தாண்டினால் மற்ற எல்லாமே குத்துமதிப்புதான்.

நாள், நேரம், இடம், யார் இருந்தார்கள், கடைசியாக என்ன சாப்பிட்டது, எப்படித் தூங்கியது, என்ன செய்தது, எவ்வளவு நேரம், எப்படி முடிந்தது. இவ்வளவுதான். "அடம் பிடித்தான்", "வேணும்னே பண்ணினான்" என்று எழுதக் கூடாது. அது நம் தீர்ப்பு. அதற்குள் எந்தத் தகவலும் இல்லை. கண்ணில் பட்டதை மட்டும் எழுதுங்கள்.

என் பழைய நோட்டிலிருந்து ஒரு பதிவு:

"செவ்வாய், மாலை 6.10. கூடம். டிவி ஓடவில்லை. அத்தை பூ தொடுத்துக்கொண்டிருந்தார். 4.30க்குப் பால், 2 பிஸ்கட். திடீரென்று காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போனான். 25 நிமிடம். கூப்பிட்டால் வரவில்லை. தானாக வந்தான்."

நான் அதுவரை டியூப் லைட்டைச் சந்தேகப்பட்டேன். 6 மணிக்கு விளக்குப் போடுகிறோம், அவன் ஓடுகிறான் என்று கணக்கு. எழுதிப் பார்த்ததும் செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தான் ஓடுகிறான் என்று தெரிந்தது. விளக்கு தினமும்தானே எரிகிறது? அடுத்த வெள்ளிக்கிழமை 6 மணிக்குக் கூடத்தின் நடுவில் நின்று கண்ணை மூடிக் கேட்டேன். பக்கத்து வீட்டு கிரைண்டர். இட்லி மாவு! சுவருக்கு அந்தப் பக்கம் அது வருடக்கணக்காக ஓடுகிறது. எங்கள் காது அதைக் கேட்பதையே விட்டுவிட்டது.

அந்த வீட்டு அக்காவிடம் போய்ச் சொன்னேன். "அய்யோ, இதுக்கா புள்ள அழுவுது" என்று மாவரைப்பதைப் பகல் 11 மணிக்கு, அவன் பள்ளியில் இருக்கும் நேரத்துக்கு மாற்றிக்கொண்டார். அதற்குள் நாங்கள் டியூப் லைட்டை மாற்றி 400 ரூபாய் செலவு செய்திருந்தோம்.

எழுத நேரமில்லை என்றால் போனில் குரல் பதிவு செய்து இரவில் எழுதுங்கள். நல்ல நாட்களையும் எழுதுங்கள். ஒன்றும் நடக்காத நாளில் எது இல்லாமல் போயிற்று என்பதும் துப்புதான்.

## 4. ஒரே ஒரு சூழலை எடுங்கள்

நோட்டைப் பார்த்தால் 15 பிரச்சினை தெரியும். அதில் ஒன்றை மட்டும் எடுக்க வேண்டும். ஆபத்தானது ஏதாவது இருந்தால் அதுதான் முதலில்: தெருவில் ஓடுவது, கண்டதைத் தின்பது. அப்படி எதுவும் இல்லையென்றால் தினமும் நடக்கிற, சின்ன விஷயத்தை எடுங்கள். சட்டை போடுவது, பல் தேய்ப்பது மாதிரி. வருடத்தில் ஒரு நாள் வரும் தீபாவளியை வைத்துத் தொடங்கினால் பழகிப் பார்க்க வாய்ப்பே கிடைக்காது.

இலக்கை அளக்கக் கூடியதாக எழுதுங்கள். "சத்தத்துக்குப் பயப்படாமல் இருக்கணும்" என்பதை எப்படி அளப்பது? "குக்கர் 2 விசில் வரும்வரை கூடத்தில் இருப்பான், காதைப் பொத்திக்கொள்ளலாம்" என்றால் நடந்ததா இல்லையா என்று யாரும் சொல்லிவிடலாம்.

## 5. இடத்தை மாற்றிப் பாருங்கள்

குழந்தையைப் பழக்குவதற்கு முன், தொல்லையைக் குறைக்க முடியுமா என்று பார்ப்போம். காரணம் எளிது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த எரிச்சல்தான் மாலையில் ஒரு சின்ன விஷயத்தில் வெடிக்கிறது. வீட்டுக்குள் நாலு தொல்லை குறைந்தால் ஐந்தாவதைத் தாங்க அதற்குத் தெம்பு மிஞ்சும்.

சத்தம். மிக்ஸி, குக்கர் வேலையைக் குழந்தை பள்ளிக்குப் போன பிறகு வைத்துக்கொள்ளலாம். முடியாவிட்டால் போடும் முன் சொல்லுங்கள்: "மிக்ஸி போடப் போறேன். ஒண்ணு, ரெண்டு, மூணு." எப்போது வரும் என்று தெரிகிற சத்தம் பாதித் தொல்லைதான். மிக்ஸிக்கு அடியில் மடித்த துண்டை வைத்தால் மேடை அதிர்வது குறையும். காற்றுப் போகும் துளையை மட்டும் மூடிவிடாதீர்கள். சுவிட்சைக் குழந்தையே போடட்டும். என் மகன் மிக்ஸிக்குப் பழகியது அப்படித்தான்.

உடை. கழுத்து லேபிளைக் கத்தரித்தால் ஓரம் குத்தும். தையலைப் பிரித்து முழுசாக எடுங்கள். பனியனை உள்வெளியாகத் திருப்பிப் போட்டால் தையல் தோலில் படாது. புதுச் சீருடையை ஜூனுக்கு முன்பே நாலைந்து முறை துவைத்து மெத்தென்று ஆக்கிவையுங்கள். நம் கடற்கரை ஊர்களில் மே மாதப் புழுக்கத்தில் சட்டை முதுகோடு ஒட்டும். ஒட்டுவதுதான் தொல்லை என்றால் எந்தத் தெரபியும் வேண்டாம், பள்ளிப் பையில் இன்னொரு பனியன் போதும்.

வெளிச்சம். மினுக்கும் பழைய டியூப் லைட்டை மாற்றுங்கள். (என் 400 ரூபாய் முழுசும் வீண் இல்லை.) படிக்கும் இடத்தில் ஃபேன் நிழல் சுழன்று விழுகிறதா என்றும் பாருங்கள். அதையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு எந்தப் பாடமும் ஏறாது.

ஒரு மூலை. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பாய், 2 தலையணை, குழந்தைக்குப் பிடித்த பழைய புடவை. தாங்க முடியாமல் போகும்போது அங்கே போகலாம் என்று அமைதியாக இருக்கும் நேரத்தில் காட்டிக்கொடுங்கள். தண்டனையாக ஒரு தடவைகூட அங்கே அனுப்பாதீர்கள். அனுப்பினால் அந்த மூலை செத்துவிடும்.

## 6. கஷ்டமான நேரத்துக்கு முன் உடம்புக்கு வேலை

தசைக்கும் மூட்டுக்கும் கனமான வேலை கொடுத்தால் பல குழந்தைகள் அடங்கி நிதானத்துக்கு வருகிறார்கள். சுறுசுறுப்பில்லாத குழந்தை விழித்துக்கொள்ளவும் செய்யும். இதை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். கத்த ஆரம்பித்த பிறகு கொடுத்துப் பயனில்லை. பள்ளி வேனுக்கு 15 நிமிடம் முன், சாப்பிட உட்காரும் முன், வீட்டுப்பாடத்துக்கு முன் என்று 5 முதல் 10 நிமிடம்.

இதற்கென்று எதுவும் வாங்க வேண்டாம். சப்பாத்தி மாவு பிசைவது, 2 லிட்டர் பாட்டிலில் தண்ணீர் பிடித்துச் செடிக்கு ஊற்றுவது, ஈரத் துணியைப் பிழிவது, பிளாஸ்டிக் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போவது, பாயில் சுருட்டி உருட்டுவது (முகமும் கழுத்தும் எப்போதும் வெளியே இருக்க வேண்டும்), மாடிப்படி ஏறி இறங்குவது. எண்ணெய் தேய்க்கும்போதும் மெல்லத் தடவாமல் உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். மெல்லத் தொட்டால் கூசுகிற பல பிள்ளைகள் அழுத்தமான தொடுதலைத் தாங்கும்.

ஊஞ்சல் பற்றி ஓர் எச்சரிக்கை. முன்னும் பின்னும் சீராக ஆடுவது பொதுவாக அமைதிப்படுத்தும். சுற்றுவது கிளப்பிவிடும், அதன் விளைவு கொஞ்ச நேரம் கழித்தும் வரும். முகம் வெளுத்தாலோ வியர்த்தாலோ குமட்டினாலோ உடனே நிறுத்துங்கள். வலிப்பு இருக்கும் குழந்தைக்கு டாக்டரிடம் கேட்காமல் வேண்டாம். புடவையில் தூளி கட்டுவதாக இருந்தால் கொக்கியில் முதலில் ஒரு பெரியவர் தொங்கிப் பாருங்கள். பிறகும் குழந்தையைத் தனியே விடாதீர்கள்.

எடை ஜாக்கெட், எடைப் போர்வை, பிரஷ் வைத்துத் தோலைத் தேய்ப்பது, இந்த மூன்றையும் யூடியூப் பார்த்துச் செய்ய வேண்டாம். இவற்றுக்குப் பலன் உண்டு என்பதற்கான ஆதாரம் மெலிது. தானாக விலக்க முடியாத குழந்தைக்கு, தூங்கும்போது, கனமான போர்வை ஆபத்து.

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரை நமக்கு இலவசமாகக் கிடைத்த தெரபி அறை. காலை 6 மணிக்குப் போனால் வெயிலும் கூட்டமும் இல்லை. ஈர மணலில் நடக்க விடுங்கள், பள்ளம் தோண்டி வாளியில் மணலை அள்ளிச் சுமக்க விடுங்கள். ஆனால் ஆட்டிசக் குழந்தைகளில் பலருக்குத் தண்ணீர் என்றால் காந்தம் மாதிரி. ஆழமும் தெரியாது, பயமும் இருக்காது. ஒரு பெரியவருக்கு வேறு வேலையே கூடாது, கையைப் பிடித்துக்கொள்வது மட்டும்தான். வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். கிளிஞ்சல் கிழித்திருந்தாலும் வலி உறைக்காத குழந்தை சொல்லாது.

## 7. பழக்குவது: முடிவெட்டை வைத்து ஒரு கணக்கு

இடத்தை மாற்றியும் மிச்சமிருக்கும் சிக்கலுக்குத்தான் இந்தப் படி. இங்கே 3 விதிகள். குழந்தை "போதும்" என்றால் (கையால் காட்டினாலும்) நிறுத்த வேண்டும். ஒரு படி அலுத்துப்போகும் அளவுக்குப் பழகிய பிறகுதான் அடுத்தது. முடிந்தவரை பொருள் குழந்தையின் கையில் இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் நடந்தது இது. முதல் வாரம் டிரிம்மரை மேசையில் சும்மா வைத்தோம். அப்புறம் அணைத்த டிரிம்மரை அவன் தன் காலில் உருட்டினான். பிறகு பக்கத்து அறையில் ஓடவிட்டோம். ஓடும் டிரிம்மரின் பின்பக்கத்தை என் கையில் வைத்தான், பிறகு தன் கையில், தோளில், கழுத்தில். ஏழாவது வாரம் பின்கழுத்தில் ஒரே ஒரு கோடு எடுத்தோம். உடனே துடைத்து நிறுத்திவிட்டோம். அரைகுறையாக 4 நாள் பள்ளிக்குப் போனான். போகட்டுமே! பதினோராவது வாரம் முழுத் தலையும் முடிந்தது, 3 தவணையாக.

வெட்டிய முடி தோலில் விழுவதுதான் பாதித் தொல்லை. சட்டையைக் கழற்றிவிட்டு, ஈரத் துண்டைக் கையிலேயே வைத்திருங்கள். முடிந்த உடனே குளியல். நகமும் இதே கதைதான். குளித்ததும் நகம் மெத்தென்று இருக்கும்போது, விரல் நுனியை ஒரு தடவை அழுத்திவிட்டு வெட்டுங்கள், ஒரு நாளைக்கு 2 விரல்.

"நாலு பேர் சேர்ந்து பிடிச்சு ஒரு தடவை வெட்டிட்டா பழகிடும்" என்று சொல்லாத உறவினர் இல்லை. எங்கள் வீட்டிலும் குலதெய்வத்துக்கு மொட்டை என்று நேர்ந்துகொண்டு, தாய்மாமன் மடியில் வைத்து அமுக்கினார்கள். அப்புறம் 2 வருடம் அவன் மாமாவைப் பார்த்தாலே வாசலுக்கு ஓடினான். பாவம், என் தம்பி. அவனுக்கும் அது ஆறாத வலி.

## 8. சாப்பாடு

தயிர்சாதம், நெய் சாதம் தவிர வேறெதையும் தொடாத பிள்ளைகளைப் பற்றி "செல்லம் கொடுத்துக் கெடுத்திட்டீங்க" என்பார்கள். காதில் வாங்க வேண்டாம். ருசியைவிடப் பதம்தான் பிரச்சினை. கொழகொழப்பு, கரகரப்பு, இரண்டும் கலந்து வருவது. சாம்பார் சாதத்தில் திடீரென்று பல்லில் படும் கடுகு அதற்கு ஒரு அதிர்ச்சி.

இப்போது சாப்பிடும் உணவை நிறுத்திவிட்டுப் புதியதைத் திணிக்காதீர்கள். வழக்கமானது தட்டில் இருக்கட்டும், புதியது தனிக் கிண்ணத்தில், கடுகளவு. பார்ப்பது, தொடுவது, முகர்வது, உதட்டில் வைப்பது, நக்குவது, கடித்துத் துப்புவது, விழுங்குவது. துப்பினாலும் அது ஒரு படி முன்னேற்றம்தான். கையில் ஒட்டுவது பிடிக்காவிட்டால் ஸ்பூன் கொடுங்கள். கையால் சாப்பிடும் பழக்கம் பிறகு வரட்டும்.

புதியதை, பழகியதற்குப் பக்கத்திலிருந்து தேர்ந்தெடுங்கள். மொறுமொறு தோசை சாப்பிடும் பிள்ளைக்கு அடுத்தது அடை. அவியல் இல்லை.

பெரிய தவறு ஒன்று: பிடித்த சாப்பாட்டுக்குள் காய்கறியையோ மருந்தையோ ஒளிப்பது. கண்டுபிடித்துவிட்டால் இருந்த ஒரு சாப்பாட்டையும் கைவிட்டுவிடும். எடை குறைந்தாலோ, தண்ணீர் குடிக்கும்போது அடிக்கடி புரையேறினாலோ, சாப்பிடும் வகைகள் மாதாமாதம் குறைந்துகொண்டே போனாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம், டாக்டரிடம் போங்கள்.

## 9. வெடித்துவிட்டால்

அடம் வேறு, வெடிப்பு வேறு. அடம் பிடிக்கும் குழந்தை நடுவில் நம் முகத்தைப் பார்க்கும், கேட்டது கிடைத்தால் நிறுத்தும். வெடித்த குழந்தைக்குக் கேட்டதைக் கொடுத்தாலும் நிற்காது. அதன் கட்டுப்பாட்டில் எதுவும் இல்லை.

அப்போது பேச்சைக் குறையுங்கள். "என்னடா ஆச்சு, என்ன வேணும்" என்று 4 பேர் கேட்பது எரிகிற தீயில் எண்ணெய். ஒருவர் மட்டும் அருகில் இருங்கள். விளக்கை அணையுங்கள், கூட்டத்தை விலக்குங்கள், கூர்மையான பொருளை அகற்றுங்கள். தலையை முட்டினால் இடையில் தலையணையை வையுங்கள். கட்டிப்பிடிப்பது சில குழந்தைக்கு மருந்து, சிலருக்கு விஷம். எது என்று நோட்டைப் பார்த்து முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அடங்கிய பிறகு தண்ணீர், ஓய்வு. அறிவுரை வேண்டாம். அந்த நேரம் எதுவும் உள்ளே போகாது.

## 10. வெளியே போவது

கடலூர் பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களின் ஏர் ஹாரன் நமக்கே தலையைப் பிளக்கும். நாங்கள் செய்வது: பஸ் கிளம்பும் வரை வெளியே தள்ளி நிற்போம், நடுவில் ஜன்னலோரம் உட்காருவோம், பள்ளிக்கூட நேரத்தைத் தவிர்ப்போம். மடியில் பை வைத்தால் அதன் கனமே அவனுக்குப் போதும்.

காதை மூடும் இரைச்சல் தடுப்பான் வாங்கலாம். நான் காசு கொடுத்து வாங்கச் சொல்லும் ஒரே பொருள் இதுதான். ஆனால் நாள் முழுக்கப் போட்டால் சாதாரணப் பேச்சுச் சத்தமும் தாங்காமல் போகும். பஸ், கல்யாண மண்டபம், பட்டாசு என்று நேரம் வைத்துப் போடுங்கள், முடிந்ததும் கழற்றுங்கள்.

கூட்டத்துக்குப் பழக்க நல்ல இடம் புதுச்சேரி கடற்கரைச் சாலை. மாலையில் வண்டி விட மாட்டார்கள். முதல் நாள் 10 நிமிடம் இருந்துவிட்டுத் திரும்புங்கள். அழும்வரை இருந்துவிட்டுக் கிளம்பினால் "அழுதால்தான் வீட்டுக்குப் போகலாம்" என்பதைத்தான் கற்றுக்கொள்ளும். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கிளம்ப வேண்டும்.

மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்துக்கோ புதுச்சேரி வைத்திக்குப்பத்துக்கோ சாமி பார்க்கக் கூட்டிப்போக வேண்டும் என்று பெரியவர்கள் ஆசைப்படுவார்கள். மேளம், ஜனம், வெயில், கடல், நாலும் ஒன்றாக. முதல் வருடம் வேண்டாம். தீபாவளிக்கு, தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று பட்டாசுக்கு நேரம் உண்டு. யார் அதைப் பார்க்கிறார்கள் என்பது வேறு விஷயம். ஆனாலும் அந்த 2 மணி நேரத்துக்கு ஜன்னலை அடைத்து, ஃபேனைப் போட்டு, பிடித்த வேலையைத் தயாராக வைத்திருக்கலாம்.

## 11. பள்ளிக்கு ஒரு பக்கக் கடிதம்

மருத்துவ அறிக்கைக் கட்டைக் கொடுத்தால் எந்த டீச்சரும் படிக்க மாட்டார். 40 பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் எப்படிப் படிப்பார்? ஒரு பக்கம் எழுதுங்கள். எது தாங்காது, வெடிக்கும் முன் என்ன அறிகுறி, என்ன செய்தால் அடங்கும். கூடவே 3 கோரிக்கை மட்டும். எங்களுடையது: மணிக்குக் கீழே உட்கார வைக்க வேண்டாம், பிரேயர் கூட்டத்தில் வரிசையின் கடைசியில் நிற்கட்டும், நோட்டு கட்டைத் தலைமையாசிரியர் அறைக்குக் கொண்டுபோகும் வேலையை இவனுக்குக் கொடுங்கள். கடைசியாகச் சொன்னது ஆறாம் படியின் கனமான வேலைதான். மற்ற பிள்ளைகளுக்கு அவன் லீடர் மாதிரித் தெரிந்தான்!

பாத்ரூம் பற்றியும் சொல்லிவையுங்கள். முட்டுவது தெரியாத பிள்ளையிடம் "வருதா" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்லும். இன்டர்வெல் தோறும் அனுப்பினால் போதும்.

"ஒருத்தனுக்கு மட்டும் எப்படிச் செய்ய முடியும்" என்றால் சண்டை போடாமல், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அப்படிச் செய்யத்தான் சொல்கிறது என்று மெதுவாகச் சொல்லலாம். ஆட்டிசம் அதிலுள்ள 21 குறைபாடுகளில் ஒன்று. யூ.டி.ஐ.டி. அட்டை (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) வாங்கி வைத்திருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

## 12. ஓ.டி.யிடம் கேட்க வேண்டியவை, எட்டாவது வாரம் பார்க்க வேண்டியது

ஓ.டி. என்கிற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டிடம் (அன்றாட வேலைகளுக்குப் பழக்குபவர்) போகும்போது நோட்டை எடுத்துப் போங்கள். 4 கேள்வி கேளுங்கள்: இப்போது என்ன இலக்கு? எப்படி அளப்பீர்கள்? வீட்டில் நான் எதைச் செய்ய வேண்டும்? எத்தனை வாரத்தில் மாற்றம் இல்லையென்றால் முறையை மாற்றுவோம்? கதவை மூடிக்கொண்டு 45 நிமிடம் கழித்துக் குழந்தையை மட்டும் வெளியே அனுப்பும் இடத்தைவிட, உள்ளே கூப்பிட்டுக் கற்றுக்கொடுக்கும் இடம் மேல்.

"முழுசாகச் சரிசெய்துவிடுவோம்" என்று பேக்கேஜ் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். பிரிட்டனில் 4 முதல் 11 வயது வரையுள்ள 138 குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வு 2022இல் வெளியானது. சென்சரி இன்டகிரேஷன் தெரபி (புலன் செய்திகளை ஒருங்கிணைக்கப் பழக்கும் பயிற்சி) பெற்ற குழந்தைகளுக்கும் வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களுக்கும், எரிச்சல், கொந்தளிப்பு விஷயத்தில் 6 மாதம் கழித்துக் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. குடும்பமும் தெரபிஸ்ட்டும் சேர்ந்து வைத்த சின்னச் சின்ன இலக்குகளில் முன்னேற்றம் தெரிந்தது. நான் பார்த்ததும் அதுதான். பல் தேய்ப்பதும் சட்டை போடுவதும் மாறும், ஆளே மாறிவிட மாட்டான்.

எட்டாவது வாரம் நான்காம் படியில் எழுதிய இலக்கைத் திரும்பப் படியுங்கள். நடந்திருந்தால் அடுத்த சூழலுக்குப் போங்கள், ஆனால் பழையதைக் கைவிடாதீர்கள். பாதி நடந்திருந்தால் படியை இன்னும் சின்னதாக உடையுங்கள். ஒன்றுமே நகரவில்லை என்றால் இன்னும் 8 வாரம் அதையே இழுக்க வேண்டாம். ஒன்று, தப்பான புலனைப் பிடித்திருக்கிறோம். இல்லையென்றால் எங்கோ வலி இருக்கிறது. மறுபடி 2 வாரம் எழுதுங்கள், பல்லையும் காதையும் இன்னொரு தடவை காட்டுங்கள்.